நான்காவது விதி

(கல்விச் சங்க வெள்ளிவிழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



விழா நாளில் சாதனைகளை எண்ணிப் பார்ப்பது மரபு. அப்பணியைச் செயலாளர் அறிக்கை செவ்வனே செய்துவிட்டது. நாம் உங்கள்முன் வைக்க விரும்புவது வேறொரு பட்டியல். அது நம்மவர் எழுதியதன்று. நமக்கு எதிராக எழுதப்பட்டது. ஆயினும் நம் இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

1930 டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்க்கென எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னாலும் வெள்ளியாலும் ஆன நகை அணியலாகாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது. சட்டை, பனியன் கூடா. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளலாகாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கலாகாது. பெண்கள் இரவிக்கையோ தாவணியோ அணிந்து மார்பை மறைத்தலாகாது, பூச்சூடலாகாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடித்தலாகாது. காலில் செருப்பு அணிதலாகாது. இவற்றை மீறியோரின் குடிசைகள் எரிக்கப்பட்டன. சேமித்த தானியம் அழிக்கப்பட்டது. ஆடுமாடுகள் கொள்ளை போயின.

இத்துணைக் கொடுமைக்குப் பின்னும் நம் முன்னோர் அடங்கவில்லை. அடங்காமையினாலேயே, ஆறு திங்கள் கழித்து 1931 ஜூனில், ஆதிக்கச் சாதியார் மீண்டும் கூடினர். இம்முறை பதினொரு தடைகள் பிறந்தன. ஆதிதிராவிடரோடு தேவேந்திரகுல வேளாளரும் அவற்றில் பெயர் சுட்டப்பெற்றனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், 1946இல் வெளிவந்த ‘இந்தியாவில் சாதி’ என்னும் தம் ஆங்கில நூலில் இவ்விரு பட்டியல்களையும் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பதினொன்றில் நான்காவது விதி யாது? நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பதே. ஐந்தாவது விதி, பிள்ளைகள் மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க வேண்டும் என்றது. ஆறாவது விதி, ஆணும் பெண்ணும் பண்ணையில் அடிமைகளாய் உழைக்க வேண்டும் என்றது. ஏழாவது, வாரத்திற்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிரிடலாகாது என்றது. எட்டாவது, சொந்த நிலத்தை மிராசுதாரர்க்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், மறுத்தால் பாசனத்திற்கு நீர் இல்லை என்றது. ஒன்பதாவது, காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை உழைக்க வேண்டும். ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா கூலி என்றது. திருமணத்தில் மேளம் கூடாது, மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் வரலாகாது என்று பட்டியல் முடிந்தது.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குங்கள். முதற் பட்டியலில் பள்ளிக்கூடம் இல்லை. சட்டையும் குடையும் செருப்புமே அதன் கவலை. ஆறு திங்களுக்குள் அவர்கள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்கள். சட்டையைக் கிழித்தால் மறுநாள் வேறு சட்டை வரும். படித்த பிள்ளையின் தலையிலிருந்து படிப்பைப் பறிக்க இயலாது. ஆகவேதான் படிப்பைத் தடுத்த விதிக்கு அடுத்தே மாடு மேய்க்கும் விதியும், அதற்கடுத்தே பண்ணை அடிமை விதியும் வந்தன. நான்காவது விதி தளர்ந்தால் ஏனைய விதிகள் நில்லா என்பதை நமக்கு முன்பே அவர்கள் அறிந்திருந்தார்கள்!

மற்றோர் உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது. எவரும் செய்யாத செயலுக்கு எவரும் தடை விதிப்பதில்லை. குடை பிடிக்கலாகாது என்றால், நம்மவர் குடை பிடித்து நடந்தனர் என்று பொருள். நிலத்தை விற்றுவிடு என்றால், நம்மிடம் நிலம் இருந்தது என்று பொருள். பிள்ளைகள் படிக்கலாகாது என்றால், நம் பிள்ளைகள் சிலேட்டைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். அவர்கள் எழுதிய தடைப்பட்டியல் நம் முன்னோர்க்குக் கிடைத்த நற்சான்றிதழ் அன்றோ?

இத்தகைய விதிகளுக்குள் பிறந்து வளரும் குழந்தையின் நிலை யாது? அதற்கு எவரும் விதிகளைப் படித்துக் காட்டுவதில்லை. தாயின் நடையிலிருந்தும் தந்தையின் குனிந்த தோளிலிருந்தும் அது தானே கற்றுக்கொள்கிறது. 1960களில் வளர்ந்த எங்கள் தலைமுறையும் அவ்வாறே கற்றது. ஊர்த்தெருவில் நுழையுமுன் சைக்கிளை விட்டு இறங்கினோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். தேநீர்க் கடையில் நமக்கென இருந்த குவளையை நாமே கழுவி வைத்தோம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, அதே மாலையில் அக்குவளையைக் கழுவினோம்.

எங்கள் அப்பத்தாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1931இல் அவர் பத்து வயதுச் சிறுமி. எங்கள் இளமையில் வீட்டில் பித்தளைக் குடம் வந்துவிட்டது. ஆயினும் நீர் சுமக்க அவர் வைக்கோலால் முறுக்கிய சும்மாட்டையே தலையில் வைப்பார். பழந்துணி வீட்டில் இருந்தும் அதனைத் தொடமாட்டார். கேட்டால், “வைக்கோல்தான்யா தலைக்குக் குளிர்ச்சி” என்பார். பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரி நூலகத்தில் ஹட்டனின் நூலைப் புரட்டியபோது மூன்றாவது விதி கண்ணில் பட்டது. பெண்கள் மண்குடத்திலேயே நீர் சுமக்க வேண்டும். சும்மாட்டுக்கு வைக்கோலே பயன்பட வேண்டும், துணி கூடாது என்றிருந்தது. ஊருக்கு வந்து அதனை அவர்க்குப் படித்துக் காட்டினோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பின்னர், “எங்க ஆத்தா இப்படித்தான் முறுக்கிக் குடுத்தா. ஏன்னு நானும் கேக்கலய்யா” என்றார்.

அன்பிற்குரிய இளைஞர்களே! தடியால் காக்கப்படும் விதியைவிடப் பழக்கமாகிவிட்ட விதியே நீண்டநாள் வாழ்கிறது. விதித்தவர் மறைந்த பின்னும் அது நம் தலைமேல் அமர்ந்திருக்கிறது. “ஏன்?” என்று கேட்கக் கற்பிப்பதே கல்வியின் முதற் பயன். பட்டமும் பதவியும் அதற்குப் பின்னரே வருவன.

இவை பழங்கதை என்று எண்ணிவிடாதீர். சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டி வருவதைத் தடுக்குமாறு 2019இல் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை அனுப்ப நேர்ந்தது. 2024இல் நீதியரசர் சந்துரு குழுவும் அக்கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. படிப்பைத் தடுத்த விதி தோற்றபின், சாதி பள்ளிக்கூடத்திற்குள்ளேயே இடம் தேடுகிறது. அக்கயிற்றை நம் பிள்ளைகளும் கட்ட வேண்டா. பிறர் கட்டினாலும் அஞ்ச வேண்டா.

நம் வீட்டையும் நாம் நோக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பெண்ணின் படிப்பை நிறுத்தும் தந்தை நம்மிடையே இல்லையா? “நாலு பேர் என்ன சொல்வார்” என்று மகளின் விண்ணப்பப் படிவத்தை மடித்து வைக்கும் அண்ணன் இல்லையா? அவர் தம்மையறியாமல் அந்த நான்காவது விதியைத் தம் கையாலேயே மீண்டும் எழுதுகிறார். மிராசுதாரர் விதித்தால் கொடுமை, நாம் விதித்தால் ஒழுக்கம் என்பது நியாயம் ஆகுமா?

இறுதியாக ஒரு வேண்டுகோள். இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்து முதியவர் அருகில் ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். நம் ஊரில் எவையெவை கூடாதென்று இருந்தன என்று கேளுங்கள். அவற்றை முதலில் மீறியவர் யார் என்றும் கேளுங்கள். முதலில் செருப்பணிந்து தெருவில் நடந்தவர், முதலில் மகளைப் பள்ளிக்கு அனுப்பியவர் ஆகியோரின் பெயர்களை எழுதி, இச்சங்கத்தின் நூலகத்தில் சேருங்கள். நமக்கு எதிரான பட்டியல் அச்சில் இருக்கிறது. அதனை மீறியவர்களின் பட்டியலும் அச்சேற வேண்டும். அதனை எழுதும் கடமை, எழுதப் படிக்கக் கற்ற நம்முடையது.