எண்ணி எழுதும் படம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எலும்பு ஸ்கேன், இருதய ஸ்கேன் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்று அடுப்பெரியாத வீடுகள் நம் காலனியில் உண்டு. ‘அணு’ என்னும் சொல்லே அச்சமூட்டுகிறது. இரயில்வே எழுத்தராகிய நாம் மருத்துவம் பயின்றவரல்லோம். மெட்ரிக்குலேஷனோடு நம் படிப்பு நின்றது. ஆயினும் இப்படம் உண்டாகும் முறையை அறிந்தபோது, இது நமக்குப் பழகிய தொழிலன்றோ என்று வியந்தோம்.

எக்ஸ்ரேயில் கதிர் வெளியிலிருந்து உடலை ஊடுருவும். இங்கோ கதிர் உடலுக்குள்ளிருந்தே புறப்படுகிறது. எலும்பை நாடிச் சேரும் மருந்தொன்றில் டெக்னீசியம் 99எம் என்னும் கதிர்ப்பொருளை இணைத்துக் கைநரம்பில் ஊசியால் செலுத்துகிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். மூன்று மணி நேரம் போலக் காத்திருக்கவும் தண்ணீர் நிறையக் குடிக்கவும் சொல்வது, எலும்பில் சேராத மிச்சம் சிறுநீரோடு கழிவதற்காக.

பின்னர் நோயாளி காமாக் கேமராவின் கீழ்ப் படுக்கிறார். அமெரிக்காவில் பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பார் 1957இல் அமைத்த கருவியின் வழிவந்தது இது. அதன் முகப்பில் ஆயிரக்கணக்கான நுண்துளைகளுள்ள ஈயத் தட்டு இருக்கிறது. துளைக்கு நேராக வரும் கதிரே உள்ளே புகும். சாய்ந்து வருவதை ஈயம் விழுங்கிவிடும். பதினாயிரத்தில் ஒன்றிரண்டு தேறினால் பெரிது. (நம் டிக்கெட் பரிசோதகர்கள்கூட இத்துணைக் கண்டிப்புடையவரல்லர்!) தேறிய கதிர் சோடியம் அயோடைடுப் படிகத்தில் பட்டதும் சிறு ஒளி தெறிக்கிறது. பின்னே வரிசையாய் நிற்கும் ஒளிபெருக்கிக் குழாய்களுள் அண்மையிலுள்ளதற்கு மிகுதியாகவும் தொலைவிலுள்ளதற்குக் குறைவாகவும் அவ்வொளி எட்டும். அந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டு ஒளி எழுந்த இடத்தைக் கருவி கணித்துவிடுகிறது. உடலுக்குள் மோதித் திசைமாறிய கதிர் வலிமை குன்றியிருக்குமாதலால், 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அண்மையில் வராத கதிர்கள் கணக்கில் சேர்வதில்லை.

இனி வருவதே நம் தொழில். கணிப்பொறியின் நினைவில் 256 வரிசையும் 256 பத்தியுமாக 65,536 கட்டங்களுள்ள பேரேடு ஒன்று விரிந்திருக்கிறது. கதிர் வந்த இடத்துக்குரிய கட்டத்தில் ஒன்று கூட்டப்படும். அவ்வளவே! கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறங்க இறங்கக் கோடு போட்டு எண்ணுகிறோமே, அதுதான். ஒரு கட்டத்தில் நூறு எண்ணினால் தற்செயலாய் நேரும் ஏற்றயிறக்கம் பத்து, அதாவது நூற்றுக்குப் பத்து. பதினாயிரம் எண்ணினால் நூறு, அதாவது நூற்றுக்கு ஒன்றே. எண்ணிக்கை பெருகப் பெருகத்தான் படம் தெளியும். இருபது நிமிடம், அரைமணி அசையாமல் கிடக்கச் சொல்வது இதனால்தான். உடல் அசைந்தால் ஒரு கட்டத்து வரவு அடுத்த கட்டத்தில் ஏறிவிடும். துணைக்குப் போகும் நம்மவர் “சீக்கிரம் முடியுங்கள்” என்று வாயிலில் நின்று அவசரப்படுத்துவது நோயாளிக்குச் செய்யும் உதவியன்று.

கட்டத்திலிருப்பது எண், எண்ணுக்கு நிறமில்லை. எவ்வெண்ணைத் திரையில் எந்நிறத்தில் காட்டுவது என்பது மனிதர் வகுத்த பட்டியல். பட்டியலை மாற்றினால் பச்சை சிவப்பாகும், எண் மாறாது. நம் காலனியிலேயே ஓர் அம்மையார், கணவரின் இருதயப் படத்தில் செம்மஞ்சள் வளையத்தைக் கண்டு இரண்டு நாள் கண்ணீர் வடித்தார். இரத்தம் நன்றாய் ஓடும் தசையே அவ்வாறு ஒளிர்ந்தது என மருத்துவர் விளக்கிய பின்னரே வாயில் சோறு இறங்கிற்று. இருதயப் படத்தில் மங்கிய இடம்தான் கவலைக்குரியது. எலும்புப் படத்திலோ மிகுந்து தெரியும் இடத்தை ஆராய்கிறார்கள். ஆனால் ஆறிவரும் முறிவும் மூட்டுத் தேய்வும்கூட அப்படித் தோன்றும். சிறுநீர்ப்பை மிகுந்து தெரிவதோ இயல்பு.

மும்பை பரேலில் கதிர்வீச்சு மருத்துவ மையம் 1963இல் நிறுவப்பட்டது. இன்று நம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றிலும் இச்சோதனை நடைபெறுகிறது. போகிறவர்கள் பழைய எக்ஸ்ரே படங்களையும், எப்போதேனும் விழுந்து அடிபட்டிருந்தால் அவ்விவரத்தையும் உடன் கொண்டு செல்லுங்கள். கருவுற்றவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் ஊசி போடுமுன்பே அதைச் சொல்லிவிடவேண்டும்.