வேண்டும் என்பதும் மஸ்ட் என்பதும்



ஆங்கிலம் பயிலும் நம்மவர்க்கு இடர் தருவன பெரிய சொற்களே எனப் பலரும் எண்ணுகின்றனர். அகராதியைப் புரட்டி நீண்ட சொற்களை நெட்டுருச் செய்வோரும் உளர். உண்மையில், நீண்ட சொல்லால் விளையும் கேடு குறைவு. அதன் பொருள் அறியாதவன் பிறரைக் கேட்டு அறிகிறான். அன்றேல் அதனைத் தவிர்த்துவிடுகிறான். நன்கு தெரியும் என்று நாம் நம்பியிருக்கும் சின்னஞ்சிறு சொற்களே நம்மை இடறிவிடுகின்றன.

விடுமுறை விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "இரண்டு நாள் விடுமுறை தந்துதவ வேண்டும்" என்று தமிழில் எழுதுகிறோம். இதில் பணிவுக்குக் குறைவில்லை. 'வேண்டும்' என்னும் நம் சொல் விரும்புதல், இரத்தல், தேவைப்படுதல், கடமையாதல் ஆகிய பொருள்களையெல்லாம் தன்னுள் அடக்கியது. கோயிலிலே இறைவன் முன் நின்று "அருள வேண்டும்" என்கிறோம். இறைவனுக்கு ஆணையிடுவதாக எவரும் கொள்வதில்லை. தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவனோ, அவ்விடத்தில் 'மஸ்ட்' என்னும் சொல்லை வைத்து, "யூ மஸ்ட் கிவ் மீ லீவ்" என எழுதிவிடுகிறான். "நீர் தந்தேயாக வேண்டும், மறுக்க உமக்கு உரிமையில்லை" என்று அஃது ஒலிக்கும். 'ஷுட்' என்று மாற்றினாலோ, மேலதிகாரிக்கு அவருடைய கடமையைக் கற்பிப்பதாய் முடியும்! ஆங்கிலத்தில் வேண்டுகோளுக்கு வழி வேறு. 'குட் யூ', 'வுட் யூ' என வினாவாக்கிக் கேட்கலாம். 'ஐ ஷுட் பி கிரேட்புல் இஃப்' என்று தொடங்கி, தந்தால் நன்றியுடையேன் எனவும் எழுதலாம். மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேட்பதே அம்மொழியின் பணிவு.

ஆயின், இதே 'மஸ்ட்' விருந்துக்கு அழைக்கும்போது இனிக்கிறது. "யூ மஸ்ட் கம் டு டின்னர்" என்று ஆங்கிலேயர் ஒருவர் கூறினால், நம் ஊரிலே கலியாண வீட்டார் "கட்டாயம் வரவேண்டும்" என்பதைப் போலவே கொள்ளலாம். நன்மை கேட்பவனைச் சாருமிடத்து அச்சொல் அன்பாகிறது. சொல்பவனைச் சாருமிடத்து அதிகாரமாகிறது. நம் பாடநூல்கள் இந்நுட்பத்துக்கு இன்னும் சற்று இடம் தரலாம்.

'எதிர்பார்க்கிறேன்' என்பதும் இத்தகையதே. "தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்" என்று கடிதத்தை முடிப்பது தமிழில் மரியாதை. அதையே "ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை" என ஆக்கினால், பதில் வராவிடின் பொறுக்கமாட்டேன் என்னும் தொனி வந்துவிடுகிறது. 'ஐ லுக் ஃபோவர்ட் டு' என்பதே அங்கு பொருந்தும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக வைத்தது. தமிழர் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் தேவை இந்நாட்டில் இன்றும் ஓயவில்லை. தகுதியெல்லாம் நிரம்பிய இளைஞர் ஒருவர், கடைசி வரியின் ஒரே சொல்லால் செருக்குடையவராகத் தோன்றுவது எத்துணை இழப்பு!

வகுப்பறைக்குள் நுழைந்தால் 'டவுட்' நிற்கிறது. "ஐயம் உண்டா?" என்று ஆசிரியர் கேட்பதும், "எனக்கொரு சந்தேகம், ஐயா" என்று மாணவன் எழுவதும் நம் மரபு. ஐயம் கேட்டல் இங்கே கல்வியின் ஒரு பகுதி. ஆனால் "ஐ ஹாவ் எ டவுட் அபவுட் யுவர் லெக்சர்" என்று இங்கிலாந்திலே ஒரு பேராசிரியரிடம் கூறினால், நீர் சொன்னதை நான் நம்பவில்லை என்றே அவர் கொள்ளக்கூடும். விளக்கம் கேட்பதற்கு 'குவெஸ்ச்சன்' என்னும் சொல்லே போதும். ஸ்கொத்லாந்து மக்களின் வழக்கோ இன்னும் வேடிக்கையானது. மழை வரும் என அவர்கள் அஞ்சும்போது, "ஐ டவுட் இட் வில் ரெயின்" என்பார்கள்! இலண்டன்வாசிக்கு அதே வாக்கியம் மழை வராது என்பதாகும். குடையை எடுப்பதா விடுவதா என்பது பேசுபவரின் ஊரைப் பொறுத்தது.

ஆகவே, நமக்கு மட்டுமே இத்தடுமாற்றம் என்று நாணவேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியரும் அமெரிக்கரும் கூடிய ஆலோசனையில், 'டேபிள்' என்னும் சொல்லால் நீண்டதொரு வாக்குவாதம் மூண்டதைச் சர்ச்சில் தம் போர் நினைவுகளிலே எழுதியிருக்கிறார். பிரித்தானியருக்கு அதன் பொருள், ஒன்றை உடனே ஆராய முன்வைத்தல்; அமெரிக்கருக்கு, அதை ஒத்திப் போடுதல். இரு சாராரும் விரும்பியது ஒன்றே என்பது பின்னரே தெளிவாயிற்று.

உயிருக்கே உலை வைக்கும் சொல்லும் உண்டு. 'இன்' என்னும் முன்னொட்டு இன்மையைக் குறிப்பது என்று பள்ளியிலே படித்திருக்கிறோம். 'விசிபிள்' என்றால் காணத்தக்கது. 'இன்விசிபிள்' என்றால் காண இயலாதது. இந்த விதியைப் பற்றிக்கொண்டு 'இன்ஃபிளேமபிள்' என்பதற்குத் தீப்பற்றாதது எனப் பொருள் கொண்டால் என்னாகும்? அதன் பொருள் எளிதில் தீப்பற்றுவது என்பதே. இங்கு 'இன்' இன்மையைக் குறிப்பதன்று. தீமூட்டுதல் என்று பொருள்படும் இலத்தீன் வினையின் உறுப்பாய் வந்தது. இதனால், 1920களிலேயே அமெரிக்கத் தீத்தடுப்புத் துறையினர் 'ஃபிளேமபிள்' என்னும் வடிவத்தை வற்புறுத்தலாயினர். பிரித்தானிய நியமங்கள் நிறுவனமும் 1959இல் அதையே ஆதரித்தது. எனினும் பழைய சொல் முற்றாய் ஒழியவில்லை. பூச்சு எண்ணெய்த் தகரத்திலோ பெற்றோல் கலனிலோ இவ்விரண்டில் எதைக் கண்டாலும் பொருள் ஒன்றே. தீப்பற்றாத பொருளைக் குறிக்கும் சொல் 'நொன்ஃபிளேமபிள்' என்பது.

மருந்துப் போத்தலில் எழுதியிருக்கும் கரண்டியையும் கூர்ந்து நோக்குக. 'டீஸ்பூன்' என்பது 5 மில்லிலீற்றர். 'டேபிள்ஸ்பூன்' 15 மில்லிலீற்றர். வீட்டில் இரண்டையும் கரண்டி என்றே சொல்லிப் பழகிய தாய், ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்தால், குழந்தைக்குச் செல்லும் மருந்து மூன்று மடங்காகிவிடும்.