போட்டிக்கு முன் 15 நிமிடங்கள்
மூத்தோர் விரைநடைப் போட்டியில் கலந்துகொள்வோருக்கு ஆற்றிய உரை



விரைநடைப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டீர்கள்; நடந்து பழகியும் வருகிறீர்கள். மகிழ்ச்சி. போட்டி தொடங்குவதற்கு முந்தைய கால் மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

“சிங்கப்பூர் வெயிலில் நின்றாலே உடம்பு சூடாகிவிடுகிறதே, ‘வார்ம் அப்’ எதற்கு?” என்று சிலர் கேட்பதுண்டு. வெயிலில் நிற்பதால் தசைகள் தயாராகிவிடுவதில்லை. அவற்றுக்குக் கூடுதல் இரத்தம் பாய வேண்டுமானால், அவை வேலை செய்ய வேண்டும். உட்கார்ந்திருந்துவிட்டுத் திடீரென்று வேகமாக நடந்தால், இதயத்துக்குச் சட்டென்று பளு கூடும். வயதாக ஆக, அதற்கு ஈடுகொடுக்க உடலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் தேவை. ஆகவே, படிப்படியாகத் தொடங்குங்கள்.

முதல் 5 நிமிடம்: கடைக்குப் போவதுபோல் மெதுவாக நடங்கள். போகப் போகச் சற்று வேகம் கூட்டுங்கள்.

அடுத்த 5 நிமிடம்: தோள்களை முன்னும் பின்னும் 10 முறை சுழற்றுங்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் 10 முறை மெதுவாக முன்னும் பின்னும் வீசுங்கள். குதிகால்களை 10 முறை உயர்த்தி இறக்குங்கள். முழங்கால்களை உயர்த்தி, நின்ற இடத்திலேயே 20 அடி நடங்கள். வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

கடைசி 5 நிமிடம்: 30 விநாடி விரைவாகவும், 1 நிமிடம் மெதுவாகவும் நடங்கள். இப்படி 3 முறை செய்யுங்கள். பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். பேசவே முடியவில்லை என்றால் வேகம் அதிகம்.

குனிந்து காலைத் தொட்டபடி வெகுநேரம் நிற்பதைப் போட்டிக்கு முன் தவிர்த்துவிடுங்கள். அது தசைகளின் ஆற்றலைச் சற்று நேரத்துக்குக் குறைக்கக்கூடும். அத்தகைய நீட்சிப் பயிற்சிகளைப் போட்டி முடிந்தபின் செய்யலாம்.

வரவேற்புரை, படம் எடுப்பது என்று தொடக்கம் தள்ளிப்போகலாம். அப்போது உட்கார்ந்துவிட்டால், செய்த பயிற்சியின் பலன் குறைந்துவிடும். நிழலில் நின்று கால்களை மாற்றி மாற்றி அசைத்துக்கொண்டிருங்கள். இடையிடையே தண்ணீர் குடியுங்கள்.

இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் போட்டிக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். இன்சுலின் போடுபவர்கள் சர்க்கரை மிட்டாய் வைத்திருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை மறக்க வேண்டாம். சில இரத்த அழுத்த மருந்துகள் இதயத் துடிப்பைக் குறைத்துக் காட்டும். அவற்றைச் சாப்பிடுவோர் நாடித் துடிப்பை மட்டும் நம்பாமல், மூச்சைக் கவனியுங்கள்.

நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் ஏற்பட்டால் உடனே நின்றுவிடுங்கள்; அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நெஞ்சு வலி நீடித்தால் 995 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். “இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், முடித்துவிடுகிறேன்” என்று தொடர வேண்டாம்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம். மேலும் 5 நிமிடம் மெதுவாக நடங்கள்.

இவற்றைப் போட்டி நாளன்று முதன்முறையாகச் செய்ய வேண்டாம். நாளைக் காலையே உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், அண்டைவீட்டார் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள். சில நாள்களில் பழகிவிடும்.

நலமாக நடந்து, நலமாக வீடு திரும்புங்கள்.