காலையில் முதல் அடி வைக்கும்போது குதிக்கால் வலிக்கிறதா?

(தோட்டத் தாய்மாருக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



விடியக்காலை எழும்பி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் ஆணி குத்தின மாதிரி வலிக்கும். கொஞ்சம் நடந்தால் குறையும். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்துவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இதைத்தான் குதிவாதம் என்கிறோம்.

குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரைக்கும் தடித்த சவ்வு ஒன்று வில்லின் நாண் போல இருக்கிறது. சரிவான மலையில் சுமையோடு ஏறி இறங்கி, மணிக்கணக்காக நிற்கும்போது அந்தச் சவ்வு இழுபட்டு நொந்துபோகிறது. தேய்ந்த ரப்பர் செருப்பும், கூடிய உடல் எடையும், இறுகிய கெண்டைக்கால் தசையும் வலியைக் கூட்டும். எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

இதற்கு என்ன செய்வது? படுக்கையை விட்டு இறங்கு முன்னர், வலிக்கிற காலை மற்றத் தொடைமேல் போடுங்கள். விரல்களைக் கையால் பிடித்து முன்னங்கால் பக்கமாக இழுங்கள். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 தடவை, நாளுக்கு 3 முறை. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைவிட இது கூடிய பலன் தருவதாக அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. அந்திக்கு, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய போத்தலைப் பாதத்தின் கீழ் வைத்து 10 நிமிடம் உருட்டுங்கள். சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். அடி தடித்த செருப்பைப் போடுங்கள்.

வலி மாத்திரையைக் கண்டபடி கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும். ஊசி கொஞ்ச நாளைக்குத்தான் கேட்கும். அடிக்கடி போட்டால் சவ்வு அறுந்துபோகவும் கூடும்.

கால் வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, விழுந்த பிறகு வலித்தாலோ உடனே தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்கள். சீனி வியாதி உள்ளவர்கள் சின்ன வலியென்றாலும் காலைக் காட்ட வேண்டும்.

வீட்டு ஆம்பிளைகளுக்கும் ஒரு வார்த்தை. மலையிலிருந்து வந்தவள் அடுப்படியிலும் நின்றால் அந்தக் கால் எப்போது ஆறும்? தண்ணீர்க் குடத்தையும் விறகையும் நீங்கள் தூக்குங்கள்.

பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் ஒப்பரேஷன் இல்லாமலே குணமாகிறார்கள். ஆனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வலியை மறைத்துக்கொண்டு மலைக்குப் போனால் கொழுந்தும் குறையும், பேரும் அரைப்பேராகும். ஆகவே நாளைக் காலையே அந்தப் பயிற்சியைத் தொடங்குங்கள்.