தொழுவத்தில் வெப்பமானியும் ஈரப்பதமானியும்

(கால்நடைத்துறை அலுவலர்க்கும் மாணவர்க்கும் ஆற்றிய உரை)



வட இந்தியச் சமவெளியில் மே மாத நண்பகல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தொழுவத்தில் உலர்குமிழ் வெப்பமானி 40 பாகை செல்சியசும் ஈரக்குமிழ் வெப்பமானி 22 பாகையும் காட்டுகின்றன. ஜூலையில் மழை தொடங்கியபின் அவை 34, 29 எனக் காட்டுகின்றன. வெப்பம் 6 பாகை தணிந்தது, பசுவுக்கு நிம்மதி என்று பதிவேட்டில் எழுதிவிடலாமா?

இரு அளவுகளையும் கூட்டி, 0.72ஆல் பெருக்கி, 40.6ஐச் சேர்த்தால் வெப்ப ஈரப்பதக் குறியெண் கிடைக்கும். மே மாதத்தில் அது 85.2, ஜூலையில் ஏறத்தாழ 86. கறவைப் பசுவுக்கு 72ஐத் தாண்டினாலே இடர் தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உடல் வெப்பம் வெளியேறாது. தீனியும் பாலும் குறையும். சினை பிடிப்பதும் தவறும். மே மாதத்தில் நுண்துளி நீர்த் தெளிப்பு காற்றைக் குளிர்விக்கும். ஜூலையில் அதுவே ஈரத்தைக் கூட்டும். அப்போது விசிறிதான் வேண்டும். எதை இயக்குவது என்பதை வெப்பமானி மட்டும் சொல்லாது.

ஆகவே இரு குமிழ்களும் ஒத்தவையாக இருத்தல் வேண்டும். வாங்கியவுடன், திரி சுற்றுவதற்கு முன், இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். அளவுகள் வேறுபட்டால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மேற்சொன்ன ஜூலை நிலையில், ஈரக்குமிழின் 1 பாகைப் பிழை ஒப்பு ஈரப்பதத்தை 69 விழுக்காட்டிலிருந்து 75க்குக் கொண்டுபோய்விடும். நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவையில் வெப்பமானி 0 பாகை காட்ட வேண்டும்.

பாதரசக் கருவி வேண்டாம். 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அதனைக் கைவிட வழி வகுத்தது. தொழுவத்தில் உடைந்தால் நஞ்சு. மின்னணுக் கருவியை விரும்புவோர், ஈரமாகக் குழைத்த சமையல் உப்புடன் அதனை மூடிய கலத்தில் ஓர் இரவு வைக்கட்டும். உப்பு கருவியில் படக்கூடாது. காலையில் 75 விழுக்காடு காட்ட வேண்டும். சாணம், சிறுநீர் ஆகியவற்றிலிருந்து எழும் அம்மோனியா அதன் உணரியைக் கெடுக்குமாதலால், இச்சோதனையை அவ்வப்போது செய்யவேண்டும்.

கருவியை, கண்ணுக்கு வசதியென்று, வாயிலருகே மாட்டுவது நமது பழக்கம். அது பசுவின் உயரத்தில், வெயிலும் தெளிப்பு நீரும் படாமல் இருக்கட்டும். உப்பு நீரில் திரி விறைத்துவிடும்; ஈரக்குமிழ் கூடுதலாகக் காட்டும். காய்ச்சி வடித்த நீரே நன்று. கொள்முதல் ஆணையில் மாற்றுத் திரிகளையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு தனியே கேட்டுப் பெறுவது எத்துணைக் கடினம் என்பதை அலுவலகத்தில் இருப்போர் அறிவீர்கள்.