விரல்கள் சொன்ன விடை

இன்று பட்டம் பெறும் இளைஞர்களே,

மொழியியலையும் உளவியலையும் ஒருங்கே பயின்ற உங்களைப் பார்த்து, சம்பந்தமில்லாத இரு சாஸ்திரங்களுக்கு இவர்கள் காலத்தைப் பங்கிட்டுவிட்டார்களே என்று ஐயுறுவோர் உண்டு. ஆயினும், எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களைப் பிறப்பியலில் வகுத்துரைத்த தொல்காப்பியமே, நகையும் அழுகையும் முதலாகிய எட்டு உணர்ச்சிகளை மெய்ப்பாட்டியலில் ஆராய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இந்த இணைப்பு நமக்குப் புதியதன்று என்பது விளங்கும்.

இவ்விரு துறைகளும் சந்திக்கும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். பாரிஸ் நகரத்தையடுத்த பிசேத்ர் மருத்துவமனையில், எதைக் கேட்டாலும் பெரும்பாலும் 'தான்' என்ற ஓரசையையே விடையாகச் சொல்லிக்கொண்டிருந்த நோயாளி ஒருவர் இருந்தார். அங்கே வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று 1861-ஆம் ஆண்டில் பால் புரோக்கா என்னும் மருத்துவர் அவரை வினவியபோது, அவர் தம் கையை நான்கு முறை விரித்துக் காட்டிப் பின்னர் ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று என்ற அந்தக் கணக்கு இம்மியும் பிசகவில்லை. சில நாட்களில் அவர் மரணமடைய, மூளையைப் பரிசோதித்த புரோக்கா, இடப்புறத்து முன்மடல் சிதைந்திருக்கக் கண்டார். பேச்சு அழிந்த பின்னும் அறிவு எஞ்சியிருக்கக்கூடும் என்னும் உண்மை அங்கே பிரத்தியட்சமாயிற்று.

பேச்சை இழந்த அவருக்கு எதிர்முனையில் நிற்பது, மொழியைக் கற்கும் குழந்தையின் அற்புதம். 1958-இல் ஜீன் பெர்கோ என்னும் அமெரிக்க அம்மையார், பறவை போன்ற ஓர் உருவத்தைச் சிறுவர்களுக்குக் காட்டி, 'வக்' என்று தாமே புனைந்த பெயரைச் சூட்டி, அத்தகைய இரண்டைக் காட்டியபோது, அதுவரை கேட்டறியாத அச்சொல்லுக்கு ஆங்கிலப் பன்மை விகுதியைப் பெரும்பாலான சிறுவர்கள் தாமாகவே சேர்த்துச் சொன்னார்கள். மனப்பாடத்தால் விளையாத அந்த விடை, யாரும் உட்கார்த்தி வைத்துக் கற்பிக்காத இலக்கணம் ஒன்று பிஞ்சு மனத்தில் குடிகொண்டிருப்பதைப் புலப்படுத்திற்று.

அன்பர்களே, உங்களில் சிலர் பேச்சிழந்தோருக்குப் பயிற்சி அளிப்பீர்கள். சிலர் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளையின் அருகில் அமர்வீர்கள். விடை தாமதமாகும்போது, அந்த மௌனத்தை அறியாமை என்று தீர்மானித்துவிடாதீர்கள். விரிந்து மூடிய அந்தக் கையை, எதிரே ஒருவர் பொறுமையுடன் நின்று எண்ணியதனால் அல்லவா அது விடையாயிற்று? எண்ணுவதற்கு நிற்கும் அந்த ஒருவராக நீங்கள் விளங்க வேண்டும் என்று வாழ்த்தி அமைகின்றேன்.