பெயரழிந்த டிரான்சிஸ்டர்



தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், கோயில் வாசலில் எழும் அறிவிப்பு மேட்டு லயத்தையும் பள்ளத்து லயத்தையும் ஒருங்கே எட்ட வேண்டுமானால் ஆம்பிளிபயர் இன்றியமையாதது. லயங்களுக்கு மின்சாரம் வந்து சேராத காலத்தில், 12 வோல்ட் மோட்டார் பற்றரியில் இயங்கும் பெட்டிகளே அட்டன், நுவரெலியாப் பகுதிகளுக்கு உகந்தவையாய் இருந்தன. நாட்கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் வாங்கிய பெட்டி பழுதுற்றால், அதை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குதல் எளிதன்று. ஆகவே, பழையதைச் செம்மையாகத் திருத்துவதில் அடிக்கடி நேரும் ஓர் இடர்ப்பாட்டை இன்று ஆராய்வோம்.

பெட்டியைத் திறக்கிறோம். சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகட்டின்மேல் இரண்டு உலோக டிரான்சிஸ்டர்கள் தெரிகின்றன. ஒன்றின் தலையில் எண் இருக்கிறது. மற்றதன் தலை வெறுமையாய் இருக்கிறது. முன்னொருவர் மாற்றிப் பொருத்தியது அது. மலைநாட்டு ஈரத்தில் எழுத்து அழிந்திருக்கலாம். தொழில் இரகசியம் காக்க விரும்பிய எவரேனும் சுரண்டியும் இருக்கலாம். காரணம் எதுவாயினும், அழிந்தது பெயரே, குணம் அழியவில்லை.

முதலில் பற்றரித் தொடர்பை நீக்கி, அந்த டிரான்சிஸ்டரைக் கழற்றி வெளியே எடுக்க வேண்டும். உள்ளே வைத்தே அளந்தால், டிரான்ஸ்போமரின் கம்பிச் சுற்று குறுக்கே நின்று மீற்றரை ஏமாற்றும். இவ்வகையில் உலோக உறையே கலெக்டர். அடியிலுள்ள இரண்டு ஊசிகளுள் ஒன்று பேஸ், மற்றது எமிட்டர். எந்த ஊசிக்கும், மற்ற ஊசி, உறை ஆகிய இரண்டுக்கும் இடையே ஒரே திசையில் மட்டும் மின் பாய்கிறதோ, அந்த ஊசியே பேஸ். அதில் நேர்முனையை வைத்தபோது பாய்ந்தால் என்.பி.என்.; எதிர்முனையை வைத்தபோது பாய்ந்தால் பி.என்.பி. இங்கே ஓர் எச்சரிக்கை: முள் ஆடும் பழைய மீற்றர்கள் பெரும்பாலானவற்றில், ஓம் அளக்கும்போது கறுப்புக் கம்பியே நேர்முனையாகும். இதனை மறந்தவர் இனத்தைத் தலைகீழாகக் கூறிவிடுவார்.

அடுத்து அறிய வேண்டியது, அது எப்பொருளால் ஆனது என்பது. இலக்க மீற்றரின் டயோட் நிலையில், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.1 முதல் 0.3 வோல்ட் காட்டினால் ஜெர்மானியம்; 0.5 முதல் 0.7 வோல்ட் காட்டினால் சிலிக்கன். பழைய ஏ.டி. 149 ஜெர்மானிய பி.என்.பி.; ஆர்.சி.ஏ. நிறுவனம் 1960களின் முற்பகுதியில் வெளியிட்ட 2 என் 3055 சிலிக்கன் என்.பி.என். உறையின் தோற்றத்தில் இரண்டும் உடன்பிறப்புகள் போலிருக்கும். உறையைப் பார்த்து உள்ளத்தை முடிவு செய்தல் ஆகாது.

ஜெர்மானியத்துக்கு அமைத்த சுற்றில் சிலிக்கனை வைத்தால், மெல்லிய ஒலி கரகரத்துச் சிதையும். சிலிக்கனுக்கு அமைத்த சுற்றில் ஜெர்மானியத்தை வைத்தாலோ கேடு பெரிது. மின்னோட்டம் மிகும், அதனால் சூடு ஏறும், சூடு மின்னோட்டத்தை மேலும் பெருக்கும். குளிர்ந்த காலையில் சோதித்து ஒப்படைத்த பெட்டி, திருவிழா இரவில் மணிக்கணக்காக உழைத்தபின் கருகிப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

டிரான்சிஸ்டர் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதைச் சாதாரண மீற்றர் கூறாது. அதனைச் சுற்றிடமே கேட்க வேண்டும். 12 வோல்ட் பெட்டியில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரு டிரான்ஸ்போமரை மாறிமாறி இயக்குமாயின், ஓய்ந்திருப்பதன்மேல் ஏறத்தாழ 24 வோல்ட் விழும். ஆகவே 40 வோல்ட்டுக்குக் குறையாமல் தாங்குவதைத் தேர்தல் நன்று. எண் தெரிந்த ஓரினத்திலேயே இரண்டையும் ஒருசேர மாற்றுதல் அதனினும் நன்று. உறையே கலெக்டர் ஆதலால், அடியிலிருந்த மைக்காத் தகட்டை மறவாது திரும்ப வைக்க வேண்டும். முதன்முறை மின் கொடுக்கும்போது, பற்றரிக் கம்பியின் நடுவே 12 வோல்ட் மோட்டார் விளக்கொன்றைத் தொடராக இணையுங்கள். விளக்கு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே பிழை உண்டென்று உடனே நிறுத்திவிடலாம்.

இறுதியாக ஒன்று. வேலை முடிந்ததும், பொருத்திய டிரான்சிஸ்டரின் எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். நாளை அப்பெட்டியைத் திறப்பவர் யாரோ நாமறியோம்; ஆயினும் அவருடைய நேரமும், அத்தோட்டத்து மக்களின் பணமும், அந்தச் சிறு சீட்டினால் காக்கப்படும்.